கிளட்ச் ஆயில் தானாகக் குறையாது: ஹைட்ராலிக் கிளட்சின் அமைப்பும் பராமரிப்பும்

கியர் விழ மறுக்கும் கார் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததுமே, ‘கிளட்ச் பிளேட் போயிருக்கும்’ என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. கியர்பாக்ஸை இறக்கி, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றி, பெரிய பில்லைக் கட்டி வெளியே வந்த பிறகும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று அரைத்தால், கோளாறு பெரும்பாலும் பிளேட்டில் இருந்ததில்லை. பெடலிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் மெல்லிய குழாயிலோ அதன் இரு முனைகளில் உள்ள சிலிண்டர்களிலோதான் இருந்திருக்கும். இந்தப் பகுதியைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருந்தால், கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பெடலுக்கும் பிளேட்டுக்கும் இடையில்

மாருதி 800 போன்ற கார்களில் பெடலையும் கிளட்ச் லீவரையும் இணைப்பது ஒரு கேபிள். அது நாளடைவில் நீளும், உறைக்குள் துருப்பிடித்து இறுகும், இழை இழையாகப் பிய்ந்து ஒரு நாள் முழுதாக அறும். பிளேட் தேயத் தேய அதன் நட்டைத் திருகிச் சரிசெய்துகொண்டும் இருக்க வேண்டும். ஹைட்ராலிக் அமைப்பில் கேபிளின் வேலையைத் திரவம் செய்கிறது. பெடலை மிதிக்கும்போது அதனுடன் இணைந்த புஷ் ராடு, இன்ஜின் அறையின் பின்சுவரில் பொருத்தப்பட்ட மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன் தள்ளும் ஆயில் இரும்புக் குழாய் வழியாகவும், பிறகு ரப்பர் ஹோஸ் வழியாகவும் சென்று, கியர்பாக்ஸில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. அது ஃபோர்க் என்ற நெம்புகோலை அசைக்க, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்கள்மீது அழுத்த, இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலோடு இறுகியிருந்த கிளட்ச் பிளேட் விடுபடுகிறது.

அடைபட்ட திரவத்துக்குத் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் இதன் அடிப்படை. இதை எண்களில் பார்த்தால் பராமரிப்பின் பாதி விஷயம் விளங்கிவிடும். எடுத்துக்காட்டாக, மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ., ஸ்லேவின் உள்விட்டம் 19.05 மி.மீ., பெடலின் நெம்பு விகிதம் 5, ஃபோர்க்கின் விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். பெடலை 10 கிலோ விசையில் மிதித்தால் மாஸ்டர் பிஸ்டனில் 50 கிலோ, ஸ்லேவில் 72 கிலோ, ரிலீஸ் பேரிங்கில் 144 கிலோ என்று விசை பெருகுகிறது. ஆனால் விசை பெருகும் அளவுக்குத் தூரம் சுருங்குகிறது: பெடல் 140 மி.மீ. கீழே போனால் மாஸ்டர் பிஸ்டன் 28 மி.மீ. நகர்கிறது, ஸ்லேவ் ஏறத்தாழ 19 மி.மீ., பேரிங் பத்து மி.மீ.க்கும் சற்றுக் குறைவாக. இந்த முழு மிதிப்பில் குழாய்க்குள் நகரும் ஆயில் எவ்வளவு தெரியுமா? வெறும் ஐந்தரை மில்லி லிட்டர்தான்.

அப்படியானால், குழாய்க்குள் 1 மி.லி. காற்று புகுந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேற்சொன்ன கணக்கில் குழாய்க்குள் உண்டாகும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ; அந்த அழுத்தத்தில் காற்றுக்குமிழி கிட்டத்தட்ட முழுதும் நசுங்கிவிடும். பெடலின் நகர்வில் ஆறில் ஒரு பங்கு அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோக, பேரிங் போக வேண்டிய தூரம் போகாது. பிளேட் முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டுக் கசிவையும் ஒரு சிறு குமிழியையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மாஸ்டர் சிலிண்டருக்குள், பிஸ்டன் ஓய்வில் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். பெடலிலிருந்து காலை எடுத்ததும் குழாயையும் மேலே உள்ள ஆயில் டப்பாவையும் அது இணைத்துவிடுகிறது. சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்புவதும் குறையும் ஆயில் மீண்டும் நிரம்புவதும் அதன் வழியாகத்தான். ஹைட்ராலிக் கிளட்ச் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதும் இந்தத் துளையால்தான்: பிளேட் தேயும்போது ஸ்பிரிங் விரல்கள் பேரிங்கை நோக்கி வெளியே வருகின்றன, பேரிங்கும் ஃபோர்க்கும் பின்வாங்கி ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளுகின்றன, அங்கிருந்த ஆயில் துளை வழியே டப்பாவுக்கு ஏறிவிடுகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. பிரேக் பேட் தேயும்போது பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கும். கிளட்ச் பிளேட் தேயும்போது கிளட்ச் ஆயில் அளவு இறங்காது, சிறிது ஏறவே செய்யும். ஆகவே தனி டப்பா உள்ள வண்டியில் கிளட்ச் ஆயில் குறைந்தால் அதற்குத் தேய்மானம் என்ற சமாதானமே கிடையாது. எங்கோ கசிகிறது என்று பொருள். புதிய பிளேட் போட்ட உடனே சிறிது இறங்குவது மட்டுமே இதற்கு விதிவிலக்கு, ஏனெனில் அப்போது ஸ்லேவ் பிஸ்டன் பழைய இடத்துக்கு வெளியே வருகிறது. ‘அவ்வப்போது கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

பல கார்களில் கிளட்சுக்குத் தனி டப்பா இருக்காது. பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் மாஸ்டருக்குப் போகும். அந்தக் குழாய் டப்பாவின் அடியிலிருந்து கிளம்பாமல் சற்று உயரத்திலிருந்து கிளம்புவதைக் கவனித்தால், வடிவமைப்பாளரின் முன்யோசனை தெரியும்: கிளட்ச் பக்கம் கசிந்து ஆயில் இறங்கினாலும், அந்த மட்டத்துக்குக் கீழே உள்ளது பிரேக்குக்கு மிஞ்சும். இத்தகைய வண்டியில் ஆயில் குறையும்போது முதலில் கைவிடுவது கிளட்ச்தான். எனவே அதைப் பிரேக்குக்கான எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்லேவ் சிலிண்டரிலும் இரண்டு வகை உண்டு. இன்னோவா போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் அது கியர்பாக்ஸின் பக்கவாட்டில் வெளியே இரண்டு போல்ட்டுகளில் நிற்கிறது. வண்டிக்கு அடியில் போனால் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றிலோ அது கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்கு உள்ளே, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி வளையமாக அமர்ந்து, ரிலீஸ் பேரிங்கையும் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கும். இதைக் கான்சென்ட்ரிக் ஸ்லேவ் சிலிண்டர், சுருக்கமாக சி.எஸ்.சி. என்பார்கள். ஃபோர்க் இல்லாததால் பெடல் மிருதுவாக இருக்கும். ஆனால் ஒரு ரப்பர் சீல் கிழிந்தாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். உங்கள் கார் எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செலவின் கணக்கு அதில்தான் இருக்கிறது.

ஆயில் பற்றி

எல்லோரும் ஆயில் என்று சொன்னாலும் இது எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர் வகைப் பிரேக் திரவம். டப்பாவின் மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று அச்சிட்டிருக்கும். அதையே ஊற்ற வேண்டும். டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230 டிகிரி. ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் இதே கொதிநிலைகள் முறையே 140, 155 டிகிரி என்ற அளவுக்குத் தாழ்ந்துவிட இடமுண்டு. வெளியே உள்ள ஸ்லேவ் அவ்வளவு சூடாவதில்லை. சி.எஸ்.சி. அப்படியல்ல, பெல் ஹவுசிங்குக்குள், உரசும் பிளேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஹாஃப் கிளட்சிலேயே ஏறிப் போனவரின் பெடல் மேலே போனதும் மெத்தென்று இறங்கி, ஒரு மணி நேரம் ஓய்ந்த பிறகு தானாகச் சரியானால், ஆயிலிலிருந்த ஈரம் ஆவியாகிக் குமிழி கட்டியிருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கும் ஈரம் கெடுதல்தான். சிலிண்டரின் உட்சுவரில் துருப்புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகள்மீது ஒவ்வொரு மிதிப்புக்கும் உரசி ரப்பர் சீலின் விளிம்பு அறும். ஆகவே 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கால அளவில், ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். பிரேக் ஆயிலை மாற்றும் பெரும்பாலான இடங்களில் நான்கு சக்கரங்களோடு நிறுத்திக்கொள்வார்கள், கிளட்ச் குழாயைத் தொடுவதே இல்லை. டப்பா பொதுவானதாக இருந்தாலும் கிளட்ச் குழாயின் கடைசியில் தேங்கிய பழைய ஆயில் அங்கேயே கிடக்கும். ‘கிளட்ச் நிப்பிளையும் (ஆயிலை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) திறந்து மாற்றுங்கள்’ என்று தனியாகக் கேட்க வேண்டும்.

புதிய ஆயில் வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருக்கும். காப்பி நிறம் என்றால் பழையது, ஈரம் ஏறியது. மை போலக் கறுத்து, விரலில் தேய்த்தால் கரும் பொடி ஒட்டினால் அது ரப்பர் சீல் கரைந்து வரும் பொடி. ஆயிலை மாற்றுவதோடு சீலையும் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. என்ன அவசரமானாலும் இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இந்த டப்பாவில் ஊற்றக் கூடாது. கனிம எண்ணெய் பட்டால் இதற்குள் இருக்கும் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். பிறகு ஹோஸ், சீல், சிலிண்டர் என எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும், டப்பா பொதுவானது என்றால் பிரேக்கின் பாகங்களையும் சேர்த்து. டாட் 5 என்று விற்கும் சிலிக்கோன் திரவமும் இதனுடன் சேராது, டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகையே.

கட் ஆகவில்லையா, ஸ்லிப் ஆகிறதா

கிளட்சின் எல்லாப் புகார்களையும் இந்த இரண்டில் ஒன்றாகப் பிரித்துவிட்டால் பாதித் தூரம் வந்தாயிற்று. பெடலை முழுதாக மிதித்தும் பிளேட் விடுபடவில்லை என்றால் அது கட் ஆகாத கிளட்ச்: கியர் இறுகும், ரிவர்ஸ் அரைக்கும், முதல் கியரில் பெடலை மிதித்து நிற்கும்போதே வண்டி முன்னுக்கு நகரப் பார்க்கும். பெடலை விட்ட பிறகும் பிளேட் பிடிக்கவில்லை என்றால் அது ஸ்லிப்: இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. முன்னதில் சந்தேகம் பெரும்பாலும் ஹைட்ராலிக்கின்மீதும், பின்னதில் பெரும்பாலும் பிளேட்டின்மீதும் விழ வேண்டும்.

கட் ஆவதைச் சோதிக்க, சமதளத்தில் இன்ஜினை ஐடிலில் விட்டு, கை பிரேக் போட்டு, பெடலை முழுதாக மிதித்து நான்கைந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்செய்து அரைக்காமல் விழவைக்கும் அமைப்பு) இல்லாததால் அது பொய் சொல்லாது. காத்திருந்தும் அரைத்தால் பிளேட் இன்னும் சுழல்கிறது. ஸ்லிப்பைச் சோதிக்க, காலியான சாலையில் உயர்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பாருங்கள். டாக்கோமீட்டர் முள் மட்டும் தாவினால் பிளேட்டின் காலம் முடிந்தது. கை பிரேக் போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் இன்ஜினை முறுக்கிச் சோதிப்பது நல்ல பிளேட்டையும் எரித்துவிடும்.

ஸ்லிப்பிலும் ஹைட்ராலிக்குக்குப் பங்கிருக்கும் ஓர் இடம் உண்டு. புஷ் ராடை யாரேனும் அளவுக்கு மீறி நீட்டி வைத்திருந்தால் மாஸ்டர் பிஸ்டன் ஓய்வு நிலைக்குத் திரும்பாது, மேலே சொன்ன ஊசித்துளை மூடியே இருக்கும். காலையில் நன்றாக இருக்கும் வண்டி, ஓடி ஆயில் சூடாகி விரிந்த பிறகு ஸ்லிப் ஆகத் தொடங்கும். நிப்பிளைச் சற்றுத் திறந்ததும் ஆயில் பீய்ச்சி, கிளட்ச் உடனே பிடிக்கும். உள்ளே ஊதிப்போன பழைய ஹோஸும் ஆயிலைத் திரும்ப விடாமல் இதே கோளாறைத் தரும். பெடலின் மேற்பகுதியில் விரலால் அழுத்தினால் புஷ் ராடு பிஸ்டனைத் தொடும்வரை சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

கட் ஆகவில்லை என்று உறுதியானதும், எங்கே என்று தேட வேண்டும். பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்தால் உயரம் கூடி கியர் விழுகிறதா? அப்படியானால் குழாயில் காற்று. அடித்தாலும் மாற்றமில்லை, ஆயிலும் குறையவில்லை, ஆனால் மெதுவாக மிதித்தால் மோசமாகவும் வேகமாக மிதித்தால் சரியாகவும் இருக்கிறதா? மாஸ்டரின் சீல் ஆயிலை உள்ளுக்குள்ளேயே பின்னால் விடுகிறது. இத்தகைய வண்டி சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கையில் அரை நிமிடத்தில் தானாக ஊர்ந்து புறப்படும். ஆயில் குறைகிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். டார்ச்சோடு டிரைவர் பக்கம் குனிந்து, பெடலுக்கு மேலே புஷ் ராடு சுவருக்குள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் உறையைத் தடவுங்கள். ஈரமாகவோ, கீழே கார்ப்பெட் பிசுபிசுப்பாகவோ இருந்தால் மாஸ்டரின் பின் சீல் போயிற்று. வெளியே உள்ள ஸ்லேவின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் வழிந்தால் ஸ்லேவ். இரண்டும் உலர்ந்திருந்து பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் சி.எஸ்.சி.யைச் சந்தேகிக்கலாம், ஆனால் அங்கே இன்ஜினின் பின் ஆயில் சீலும் கியர்பாக்ஸின் முன் சீலும்கூடச் சொட்டும். சொட்டை ஒரு வெள்ளைத் தாளில் எடுத்து, நீரில் கழுவிப் பாருங்கள்: பிரேக் ஆயில் நீரோடு கலந்து போய்விடும், இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் திட்டாக நிற்கும்.

வெளியே ஸ்லேவ் உள்ள வண்டியில் வழக்கைத் தீர்க்கும் ஓர் அளவு இருக்கிறது. ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, மற்றவர் ஸ்லேவின் ராடு எத்தனை மில்லிமீட்டர் வெளியே வருகிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். கையேட்டில் உள்ள அளவு முழுதாக வந்தும் கியர் விழவில்லை என்றால் ஹைட்ராலிக்கின்மீது குற்றமில்லை. வளைந்த பிளேட், விரிசல் விட்ட ஃபோர்க், இறுகிய பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது) என்று கோளாறு உள்ளேதான். அளவு குறைந்தால் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம். மழைக்காலத்திலோ வெள்ளத்திலோ நனைந்து பல வாரம் நின்ற வண்டியில், ஆயிலும் பெடலும் நன்றாக இருந்தும் கிளட்ச் கட் ஆகவே இல்லை என்றால், பிளேட் ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கவும் கூடும்.

காற்றை எடுப்பது

வேலைக்கு முன் மூடியும் சுற்றுப்புறமும் துடைத்துச் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு மணல் துகள் சீலைக் கிழிக்கப் போதும். சீல் உடைக்காத புதிய ஆயில் பாட்டில், நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர் (8, 10 அல்லது 11 மி.மீ. ஏதேனும் ஒன்றாக இருக்கும்), நிப்பிளில் இறுகப் பொருந்தும் தெளிவான பிளாஸ்டிக் குழாய், அதன் மறுமுனையை மூழ்கவைக்கச் சிறிது ஆயில் ஊற்றிய பாட்டில், உதவிக்கு ஓர் ஆள் ஆகியவை போதும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விட்டால் பெயிண்ட் சுருண்டு உரியும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

டப்பாவில் உள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்புங்கள். பொது டப்பா என்றால் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே உறிஞ்ச வேண்டாம், பிரேக்கிலும் காற்று ஏறிவிடும். பிறகு பெடலில் இருப்பவரிடம் ‘மிதியுங்கள், அப்படியே பிடியுங்கள்’ என்று சொல்லி நிப்பிளை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திறக்க வேண்டும். ஆயிலும் குமிழிகளும் குழாயில் பாய்ந்து நின்றதும் நிப்பிளை மூடி, அதன் பிறகே ‘விடுங்கள்’ என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறினால், வெளியேற்றிய காற்றை நீங்களே திரும்ப உறிஞ்சிக்கொள்வீர்கள். பிரேக் பெடல் போலன்றி, காற்று நிறைந்த கிளட்ச் பெடல் பல வண்டிகளில் தரையிலேயே கிடந்துவிடும். கையால் மேலே தூக்கிவிட்டு இரண்டு விநாடி விட்டு மறுபடி மிதிக்க வேண்டும். நான்கைந்து மிதிப்புக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். குழாயில் வரும் ஆயில் புதியதன் நிறத்தில், குமிழியின்றி வந்தால் வேலை முடிந்தது, 250 மி.லி. பாட்டில் ஒன்று பெரும்பாலும் போதும். நிப்பிள் சிறியது, அதைப் பலம் போட்டு இறுக்கினால் தலை முறிந்து கையோடு வரும்.

எவ்வளவு எடுத்தும் பெடல் மெத்தென்றே இருந்தால், காற்று எங்கோ மேட்டில் தங்கியிருக்கிறது. ஸ்லேவ் சாய்வாக இருந்து நிப்பிள் அதன் உச்சியில் இல்லாத வண்டிகளில் இது சகஜம். குழாயைக் கழற்றாமல் ஸ்லேவை மட்டும் கழற்றி, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து, பிஸ்டனைக் கையால் முழுதாக உள்ளே அழுத்தி நிறுத்தினால் காற்று மேலே டப்பாவுக்குப் போய்விடும். ஸ்லேவ் கழன்றிருக்கும்போது பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். மற்றொரு வழி தலைகீழாக எடுப்பது: பெரிய சிரிஞ்சில் புதிய ஆயிலை ஏற்றி, நிப்பிள் வழியே மெல்ல மேல்நோக்கித் தள்ளினால், மேலேறுவதே இயல்பான காற்று அதனுடன் சேர்ந்து டப்பாவில் குமிழியிடும். முன்கூட்டியே பழைய ஆயிலை நிப்பிள் வழியே வெளியேற்றிய பிறகே இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஸ்லேவின் அடியில் படிந்த கசடு மாஸ்டருக்கு ஏறும். சி.எஸ்.சி. உள்ள பல கார்களில் நிப்பிளுக்குப் பதிலாகக் கம்பி கிளிப் உள்ள பிளாஸ்டிக் இணைப்பு கியர்பாக்ஸின் வெளியே இருக்கும். கிளிப்பைத் தூக்கிக் குழாயை முதல் படி வரை மட்டும் இழுத்தால் ஆயில் வரும், அதற்கு மேல் இழுத்தால் கையில் வந்துவிடும்.

பாகம் மாற்றும்போது

மாஸ்டருக்கும் ஸ்லேவுக்கும் சீல் கிட் தனியாகக் கிடைக்கும். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போலப் பளபளப்பாக இருந்தால் கிட் போடலாம். நகத்தால் தடவினால் கோடோ பள்ளமோ தட்டுப்பட்டால் புதிய சீலும் சில மாதத்தில் அதே கோட்டில் அறும். முழு சிலிண்டரையே மாற்றுவதுதான் முடிவில் மலிவு. சீலை நுழைக்கும்போது புதிய பிரேக் ஆயிலையே தடவ வேண்டும், கிரீஸை அல்ல. பழைய மாஸ்டரை மாற்றினால் அதே வயதுள்ள ஸ்லேவையும் சோதிப்பது நல்லது, ஏனெனில் புதிய மாஸ்டரின் முழு அழுத்தம் கிடைத்ததும் சோர்ந்திருந்த ஸ்லேவ் கசியத் தொடங்கும். சி.எஸ்.சி. வண்டியில் பிளேட்டுக்காகக் கியர்பாக்ஸ் இறங்குகிறது என்றால், அது கசியாவிட்டாலும் அப்போதே மாற்றிவிடுங்கள். பாகத்தின் விலையைவிட மறுபடி இறக்கும் கூலி அதிகம். கியர்பாக்ஸ் ஏறும் வரை பெடலை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே எதிர்ப்பு இல்லாத நிலையில் ஒரே மிதிப்பில் சி.எஸ்.சி. கெட்டுப்போகும்.

நடுவழியில் பெடல் உட்கார்ந்துவிட்டால்

முதலில் இன்ஜினை நிறுத்தி, ஆயில் டப்பாவைப் பாருங்கள். குறைந்திருந்தால் சரியான ஆயிலை நிரப்பி, பெடலைப் பல முறை அடித்தால், சிறு கசிவு என்றால் ஒர்க்‌ஷாப் போகும் அளவுக்கு உயிர் வரும். பொது டப்பா உள்ள காரில் ஆயில் இறங்கியிருந்தால் பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் ஒரு அடிகூட நகர வேண்டாம்.

உயிர் வரவில்லை, சாலையோ சமதளம், போக்குவரத்தும் இல்லை என்றால், இன்ஜின் நின்ற நிலையில் முதல் கியர் போட்டு ஸ்டார்ட் செய்து கிளம்பலாம். பெடலை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்றிருக்கும் கார்களிலும் மிதித்தபடி சாவியைத் திருகுங்கள், அந்த ஸ்விட்ச் பெடலின் அசைவைத்தான் பார்க்கும். வண்டி ஒரு குலுக்கலோடு நகரும், முன்னால் இடம் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தி, கியரை மெல்ல நியூட்ரலுக்கு இழுத்து, இன்ஜின் வேகம் இறங்கும் கணத்தில் அடுத்த கியருக்கு வற்புறுத்தாமல் சாய்த்தால் விழும். மூன்றாவது கியருக்கு மேல் போக வேண்டியதில்லை. நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே நியூட்ரலுக்கு வந்து பிரேக்கில் நிற்க வேண்டும். மலைச்சாலையிலோ நகர நெரிசலிலோ இதைச் செய்யாமல் டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். முன்சக்கர இயக்கக் கார் என்றால் முன் சக்கரங்களைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள்.